நிலவில் மனிதன் இறங்கிய இதழ் ஏன் மலிவாகப் போகிறது?

போன மாரிக்கு முன்னர் திருக்கோணமலை உவர்மலையில் எங்கள் கணக்கு ரீச்சர் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். ஓடு கழற்றிய பொடியன்கள் சீலிங்குக்கு மேலேயிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி வைத்தார்கள். பெட்டி நிறையப் பழைய சஞ்சிகைகள். ரீச்சர் அன்றைக்கே எனக்குக் கோல் எடுத்தார்.

"தம்பி, நீ உந்தப் பழைய புத்தகங்கள் சேர்க்கிறனி தானே, ஒருக்கா வந்து பார். பேப்பர்காரன் கிலோக் கணக்கில கேக்கிறான். இன்ரநெற்றில ஒண்டு ஆயிரம் டொலர் போகுது எண்டு மகன் சொல்லுறான். எது சரி?"

இரண்டும் பிழை என்றுதான் சொன்னேன். ஏன் பிழை என்பதை முற்றத்துக் கதிரையில் இருந்து விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் பிடித்தது. அந்தப் பின்னேரப் பேச்சைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். உங்கள் வீட்டுச் சீலிங்கிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம்.

பெட்டியில் இருந்தவை இவை. மேலே, மஞ்சள் விளிம்பு போட்ட நேஷனல் ஜியோகிராஃபிக், 1969 டிசம்பர். அதன் கீழே 1963 நவம்பர் 29 திகதியிட்ட லைஃப் என்ற அமெரிக்க வாரச் சஞ்சிகை, அட்டையில் ஜனாதிபதி கென்னடி. பிறகு சணல் கயிற்றால் கட்டிய 'தி வோர் இலஸ்ரேட்டட்' என்ற போர்க்காலச் சஞ்சிகைக் கட்டு ஒன்று, பிக்சர் போஸ்ட் ஏழெட்டு. ரீச்சரின் தகப்பனார் டொக்யார்ட்டில் கிளாக்காக இருந்தவர். 1957இல் பிரிட்டிஷார் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது வெளியே வந்த சாமான்களில் போர்க்காலக் கட்டும் ஒன்றாம். அடியில், பெட்டியின் துருவோடு ஒட்டிக்கொண்டு, 1948ஆம் ஆண்டின் தமிழ்ப் பத்திரிகைத் தாள்கள் சில, அட்டை இல்லாத ஒரு கும்பாபிஷேக மலர், 1965இல் வந்த ஒரு பாடசாலைச் சஞ்சிகை.

ரீச்சர் மேலே இருந்தவற்றைத் தூசி தட்டி மேசையில் அடுக்கியிருந்தார். அடியில் இருந்தவை நிலத்தில் கிடந்தன.

நான் முதலில் நிலத்தில்தான் குந்தினேன்.

பெரிய செய்தி, சிறிய விலை

புதிதாக வருபவர்கள் எல்லாரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. சம்பவம் எவ்வளவு பெரிதோ, அதைச் சொல்லும் சஞ்சிகைக்கும் அவ்வளவு விலை என்று நினைப்பது. நிலவில் கால் வைத்ததைவிடப் பெரிய சம்பவம் வேறென்ன? அப்படியென்றால் அந்த இதழ் பெரும் விலைக்குப் போகவேண்டுமே.

போகாது. காரணம் எளிது. 1969 யூலை 20 அன்று சந்திரனில் இறங்கியது சரித்திரம் என்று அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் அந்த இதழை எடுத்து வைத்தார்கள். நேஷனல் ஜியோகிராஃபிக் கடையில் ஒன்றிரண்டாக விற்ற புத்தகமில்லை. அதே பெயருள்ள சங்கத்தின் உறுப்பினர்களுக்குத் தபாலில் போன மாதச் சஞ்சிகை அது, அறுபதுகளின் கடைசியில் பல இலட்சம் வீடுகளுக்குப் போனது. போதாததற்கு, தடித்த வழுவழுப்பான தாள், அழகான முதுகு, அலுமாரியில் அடுக்கினால் மஞ்சள் வரிசை. ஒருவரும் எறிய மனம் வராத புத்தகம். மற்றச் சஞ்சிகைகளில் பத்தில் ஒன்று தப்பினால் இதில் பாதியாவது தப்பியிருக்கும் என்பது என் ஊகம். இன்றைக்கு உலகம் முழுக்க வீடு துப்புரவாக்குகிறவர்கள் இதைத் தூக்கிக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள்.

கென்னடி இதழும் அதே கதைதான். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, டலஸ் நகரில் சுடப்பட்டார். லைஃப் அப்போது வாரம் எழுபது இலட்சம் அளவில் அச்சிடப்பட்ட சஞ்சிகை. பெயருக்குப் பின்னால் வழமையாக வரும் சிவப்புக் கட்டத்தைக் கறுப்பாக்கி, அந்த வாரமே கென்னடியின் முகத்தை அட்டையில் போட்டார்கள். சப்ரூடர் என்ற உடுப்பு வியாபாரி கென்னடி சுடப்பட்டபோது தன் சொந்தக் கமராவில் பிடித்த படச்சுருளின் காட்சிகளும் கறுப்பு வெள்ளையில் உள்ளே வந்தன. ஆவணமாகப் பார்த்தால் அருமையான இதழ். ஆனால் அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் அது இன்றும் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பிரதியே சில டொலர்களுக்குக் கைமாறுவதைப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த வாரத்து அட்டைக்கு முதலில் தயாராகியிருந்தது கென்னடி இல்லை. ரோஜர் ஸ்டோபாக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். அச்சும் ஓடத் தொடங்கிவிட்டது. சுடப்பட்ட செய்தி வந்ததும் அச்சை நிறுத்தி, அடித்தவற்றை அழித்தார்கள். அதில் கை தவறித் தப்பிய சில பிரதிகள்தான் இன்று சேகரிப்போர் தலையைப் பிய்க்கும் சாமான். ஒரே வாரம், ஒரே சஞ்சிகை. சரித்திரத்தைத் தாங்கிய அட்டை மலிவு, சரித்திரம் தள்ளிவிட்ட அட்டை அரிது.

இதைச் சொன்னதும் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எல்லாரும் வைச்சிருந்தது மலிவு, எல்லாரும் எறிஞ்சது விலை. அப்படியே?"

பாதி சரி. மற்றப் பாதிக்கு வருகிறேன்.

அரிதாக இருந்தால் மட்டும் போதுமா?

என்னுடைய ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கொப்பி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வாங்க ஆள் இல்லை. அரிதான சாமானுக்குத் தேடுகிற ஆளும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கிற இடத்தில்தான் விலை பிறக்கிறது.

தேடுகிற ஆள் யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் மதிப்பீட்டில் சுவையான பகுதி. போர்க்காலக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தி வோர் இலஸ்ரேட்டட் 1939 செப்டெம்பரில் தொடங்கி 1947 வரை லண்டனிலிருந்து வந்தது. மொத்தம் 255 இதழ்கள். அந்தக் காலத்து ஆட்கள் ஒழுங்காகச் சேர்த்துப் பைண்ட் பண்ணி வைத்தார்கள், ஆகவே கட்டாகப் பார்த்தால் அதுவும் மலிவுதான். ஆனால் கட்டைப் பிரித்து ஒவ்வொரு இதழாகப் பார்த்தால் நிலைமை மாறும்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருக்கோணமலை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்த கதை எங்கள் ஊரில் கேட்காத பிள்ளை இல்லை. அதே நாள், துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தார்கள். விமானந்தாங்கியாகவே திட்டம் போட்டு வரையப்பட்ட முதற் கப்பல் அது. இன்றைக்கும் சுழியோடிகள் அதைப் பார்க்க இறங்குகிறார்கள். அந்தக் கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கடற்படைச் சரித்திரம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1942 ஏப்ரல், மே இதழ்களில் இந்தச் செய்தி வந்த பக்கம் ஒரு பொதுவான சேகரிப்பாளருக்கு இன்னொரு போர்ச் செய்தி. இவர்களுக்கு அப்படி இல்லை. இருநூறு இதழில் இரண்டு இதழுக்கு மட்டும் தனி ஆள் வருவான்.

ஆகவே கட்டைக் கட்டாகக் கொடுக்கக்கூடாது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்காமல் மதிப்புச் சொல்லவும் கூடாது. அட்டைச் செய்தியைப் பார்த்து விலை போடுகிறவன் உள்ளே கிடக்கிற ஒரு சிறு பத்தியைத் தவறவிடுவான். சில நேரம் சம்பவத்தைத் தேடுகிறவர்கள்கூட வருவதில்லை. பழைய கார் விளம்பரம், பிஸ்கற் விளம்பரம், ஒரு நடிகையின் முதற் படம், இவற்றுக்காக வாங்குவார்கள்.

வாங்கி வெட்டுவார்கள். இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. 1842இல் தொடங்கிய இலஸ்ரேட்டட் லண்டன் நியூஸ் படங்களைச் செதுக்கி அச்சிட்ட வாரப் பத்திரிகை, இலங்கைக் காட்சிகளும் அதில் நிறைய வந்தன. முழு இதழாக விற்பதைவிட, படப் பக்கங்களைப் பிளேட்டால் வெட்டி, சாயம் பூசி, பிரேம் போட்டு விற்றால் இலாபம் கூட. இப்படி எத்தனை இதழ்கள் எலும்புக்கூடாகப் போயினவோ. வியாபாரம் என்று பார்த்தால் அதில் பிழை சொல்லமுடியாது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தாளின் உடம்பு

ஆள் இருக்கிறான், சாமானும் அரிது. அடுத்த கேள்வி, எந்த நிலையில் இருக்கிறது என்பது. எங்கள் ஊரில் இதுதான் பெரிய பிரச்சினை.

மலிவான பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்வது. மரத்தை மரமாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அந்தக் கூழில் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, பழுப்பாகி, தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கும். தாளின் நார் அறுந்து, மடித்த இடத்தில் அப்பளம்போல நொறுங்கும். வெளியிலிருந்து ஒருவரும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, தாள் தன்னைத் தானே தின்னும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்து விறைக்கும். மாரியில் ஈரம் குடித்து ஊதும். இரண்டுக்கும் நடுவில் கடலின் உப்பு. இந்த ஏற்ற இறக்கம்தான் ஒரேயடியான சூட்டைவிடக் கெடுதல்.

நேஷனல் ஜியோகிராஃபிக் போன்ற வழுவழுப்பான தாளுக்கு வேறு வருத்தம். பளபளப்புக்காகத் தாளின் மேல் வெண்களி பூசியிருக்கும். ஒருக்கால் நனைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக இருந்து காய்ந்தால், பக்கங்கள் செங்கல்போல ஒட்டிவிடும். பிரித்தால் படம் மறுபக்கத்தோடு உரிந்து வரும். சுனாமியில் நனைந்த புத்தகங்களை வெயிலில் காயப்போட்டவர்களுக்கு இது தெரியும்.

அடுத்தது கம்பி. நடுவில் குத்திய கம்பி துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, கடைசியில் நடுப்பக்கம் தனியாகக் கையோடு வரும். ரீச்சரின் பிக்சர் போஸ்டில் நான்கு அப்படித்தான். பிக்சர் போஸ்ட் 1938இல் தொடங்கிய சில மாதங்களிலேயே வாரம் 17 இலட்சம் விற்ற சஞ்சிகை, நல்ல பிரதிகளுக்குப் பஞ்சம் இல்லை. இப்படி நடுப்பக்கம் கழன்றதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் சஞ்சிகைகளைப் பத்துப் புள்ளி அளவுகோலில் தரம் பிரித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரை வைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு புள்ளி ஏறினால் விலை இரட்டிப்பதும் உண்டு. அங்கே சந்தாதாரருக்குத் தபாலில் போன பிரதியில் முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கும். கடையில் விற்ற பிரதியில் இராது. சீட்டு இல்லாததற்கு விலை கூட. முத்திரை, கையெழுத்து, பேனாக் கீறல் எல்லாம் குறைகள்.

ஆனால் இதை அப்படியே இங்கே பிடித்துக்கொள்ளவேண்டாம். ரீச்சரின் போர்க்காலக் கட்டிலிருந்த ஓர் இதழின் மூலையில் கடற்படை வாசிப்பறை ஒன்றின் ஊதா முத்திரை மங்கலாக இருந்தது. அமெரிக்கத் தரகர் அதற்கு ஒரு புள்ளி குறைப்பார். திருக்கோணமலைத் தளத்தின் சரித்திரம் தேடுகிறவருக்கோ, இந்த இதழ் இந்த ஊரில் இருந்தது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. சாமான் எங்கே, யார் கையில் இருந்து வந்தது என்ற கதைக்கும் பெறுமதி உண்டு, அதை நிரூபிக்க ஏதாவது இருந்தால்.

நிலையோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது, முழுமை. பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் மடித்து வைத்த வரைபடம், இணைப்பு, சிறு அட்டை எல்லாம் இருக்கிறதா பாருங்கள். அந்த 1969 டிசம்பர் நேஷனல் ஜியோகிராஃபிக்குக்கு ஓர் இணைப்பு உண்டு. தாள்போல மெல்லிய, வளையக்கூடிய இசைத்தட்டு ஒன்று. ஸ்புட்னிக்கிலிருந்து சந்திரனில் இறங்கியது வரை விண்வெளிச் சத்தங்களைப் பதிந்து, நிலவைச் சுற்றி வந்த ஃப்ராங்க் போர்மன் விளக்கம் சொல்லும் தட்டு. ரீச்சரின் பிரதியில் அது இல்லை. அது இருந்தாலும் பெருந்தொகை வராது, இல்லாவிட்டால் அதுவும் வராது.

"ரெக்கோட்டோ? ஓம், ஒரு ரெக்கோட் இருந்தது" என்றார் ரீச்சர். முகம் ஒரு மாதிரிப் போனது. மேலே ஒன்றும் சொல்லவில்லை.

போலி இல்லை, ஆனால் அசலும் இல்லை

புதியவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் போலி இல்லை, மறுபதிப்பு. அமெரிக்காவின் அல்ஸ்ரர் கவுண்டி கசெட் என்ற சிறு பத்திரிகை, 1800 ஜனவரி 4 அன்று, ஜோர்ஜ் வாஷிங்டனின் மரணச் செய்தியோடு வந்தது. பின்னர் நினைவுப்பொருளாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். இன்றைக்கு அந்த இதழ் வீட்டில் இருக்கிறது என்று சொல்கிறவர்களில் ஏறத்தாழ எல்லாரிடமும் இருப்பது மறுபதிப்புத்தான். லிங்கன் கொலைச் செய்தி வந்த 1865 ஏப்ரல் 15 நியூயோர்க் ஹெரால்டும் அப்படி. மறுபதிப்பே நூறு வருடம் பழசாகி மஞ்சளித்துவிட்டதால், மஞ்சளைப் பார்த்து நம்பக்கூடாது.

நம் பத்திரிகைகளும் ஆண்டு நிறைவுகளில் பழைய முதற்பக்கத்தை மீள அச்சிடுவது உண்டு. தனி முதற்பக்கமாக, பின்பக்கம் வெறுமையாக, அல்லது பின்னால் இன்றைய விளம்பரத்தோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் பத்திரிகையில் பெரிய செய்திக்குப் பக்கத்தில் எண்ணெய் விளம்பரமும் கலியாணச் செய்தியும் இருக்கும். சரித்திரம் தனியாக வந்ததில்லை.

திகதியிலும் கவனம் வேண்டும். வாரச் சஞ்சிகையின் அட்டைத் திகதி, அது கடைக்கு வந்த நாளுக்குப் பிந்தியது. கென்னடி இறந்த மறுவாரத் திகதி போட்ட லைஃப்தான் முதல் இதழ். அதன் பின்னர் தனியாக ஒரு நினைவு மலரும் போட்டார்கள். அதைப் பார்த்து "இதுதான் முதல்" என்று நினைப்பவர்கள் நிறைய. செய்தியை முதலில் சொன்ன இதழுக்கு ஒரு தூக்கல் எப்போதும் உண்டு. பிழையாகச் சொன்ன இதழுக்கு இன்னும் தூக்கல். 1948 நவம்பர் 3 அன்று சிகாகோ டெய்லி ட்ரிபியூன், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ட்ரூமன் தோற்றார் என்று கொட்டை எழுத்தில் போட்டது. ட்ரூமன் வென்றார். அந்தப் பேப்பரைக் கையில் உயர்த்திப் பிடித்துச் சிரித்த படம்தான் உலகம் முழுக்கப் போனது. சரியாகப் போட்ட பத்திரிகைகளை யார் தேடுகிறார்கள்?

ஆயிரம் டொலர் எங்கிருந்து வந்தது?

ரீச்சரின் மகன் பார்த்தது கேட்கும் விலை. யாரும் எதற்கும் எவ்வளவும் கேட்கலாம். எங்கள் மீன் சந்தையில் காலை ஆறு மணிக்கு அறக்குளாவுக்குச் சொல்லும் விலையை எழுதிக்கொண்டு போய், அதுதான் மீன் விலை என்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா? பத்து மணிக்கு எவ்வளவுக்குப் போனது என்பதுதான் விலை. ஈபே போன்ற தளங்களில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தெரிவு செய்யலாம். அதில் ஐந்தாறு விற்பனையைப் பார்த்து, உச்சத்தையும் அடியையும் தள்ளி, உங்கள் பிரதியின் நிலைக்குக் கிட்ட உள்ளதை எடுங்கள். ஆயிரம் டொலர் கேட்கிற கென்னடி இதழ் மாதக்கணக்காக அங்கேயே கிடக்கும்.

அந்த விலையும் உங்கள் கைக்கு வராது. கடைக்காரர் தான் விற்கும் விலையில் பாதி தந்தாலே பெரிய காரியம், அவருக்கும் வாடகை இருக்கிறது. நீங்களே வெளிநாட்டுக்கு அனுப்பினால் தபால் செலவு சஞ்சிகையின் விலையைத் தாண்டும். ஆகவே மேசையில் அடுக்கிய மஞ்சள் விளிம்பையும் கென்னடியையும் விற்க மினக்கெட வேண்டாம் என்றேன். வைத்து வாசியுங்கள், நல்ல வாசிப்பு.

நிலத்தில் கிடந்தவை

இனி நிலத்துக்கு வருவோம். 1948 தாள்களை நான் பிரிக்கவேயில்லை, மடித்தபடியே ஓர் அட்டையில் ஏந்தி எடுத்தேன். அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்டார். ஐந்து நாள் கழித்து, பெப்ரவரி 4, இலங்கைக்குச் சுதந்திரம். அந்த ஒரு வாரத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் துக்கமும் கொண்டாட்டமும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். வெளித்தெரிந்த ஒரு மூலையில் கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல். அதற்குக் கீழே, கொடியேற்று வைபவத்துக்கு வருமாறு ஓர் அழைப்பு. லண்டன் சஞ்சிகையிலோ நியூயோர்க் சஞ்சிகையிலோ இந்தப் பக்கத்தைப் பார்க்கமுடியாது.

பாடசாலைச் சஞ்சிகை இன்னும் மேல். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது எல்லாருக்கும் தெரியும். அது எங்கள் கரையையும் அடித்துக்கொண்டுதான் போனது. அதைப் பற்றி அடுத்த வருடம் ஒரு மாணவி எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை இதில் இருக்கிறது. கூரை வளை முறிந்த சத்தத்தை "யானை தும்மினதுபோல" என்று எழுதியிருக்கிறாள். இந்தச் சஞ்சிகை எத்தனை பிரதி அடித்திருப்பார்கள்? சில நூறு. எத்தனை மிஞ்சியிருக்கும்?

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் கசப்பானது. 1981 யூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள். ஈழத்துப் பத்திரிகைகள், சஞ்சிகைகள் பலவற்றின் ஒழுங்கான கோவைகளும் அதோடு போயின. பிறகு இடம்பெயர்வுகள். மூட்டை கட்டி ஓடுகிறவன் பழைய சஞ்சிகையைத் தூக்கமாட்டான். பிறகு 2004 டிசம்பர் 26. இத்தனைக்கும் முன்னரே வடைக்கடையும் கறையானும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. எழுபதுகளின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், அந்த வருடங்களின் தமிழ்நாட்டு இதழ்கள் இங்கே குறைவு. அந்த வெற்றிடத்தில் முளைத்த உள்ளூர்ச் சிறுசஞ்சிகைகளோ சிறு எண்ணிக்கையில் வந்து மறைந்தவை.

"அப்ப இதுக்கு எவ்வளவு வரும்?" என்று ரீச்சர் கேட்டார். கணக்கு ரீச்சர் அல்லவா, விடையில்தான் கண்.

காசாகப் பார்த்தால் பெரிதாக வராது. தமிழில் இப்படியானவற்றைக் காசு கொடுத்துத் தேடுகிற ஆட்கள் கை விரலில் எண்ணக்கூடியவர்கள், அவர்களிலும் பாதிப் பேர் மாணவர்கள். சந்தை இல்லாத இடத்தில் விலை இல்லை. நான் மேலே பாதி சரி என்றது இதைத்தான். ஆனால் மதிப்பீடு என்றால் விற்கிற விலை ஒன்றுதான் என்று இல்லை. தொலைந்தால் இன்னொன்று வாங்க எவ்வளவு முடியும் என்றும் ஒரு கணக்கு உண்டு, காப்புறுதிக்காரர் போடுவது. கென்னடி தொலைந்தால் நாளைக்கே இன்னொன்று வாங்கலாம். இந்தப் பாடசாலைச் சஞ்சிகை தொலைந்தால் எந்த விலைக்கும் இல்லை.

எனவே இப்படியான உள்ளூர்ச் சாமான் கிடைத்தால் முதலில் 'நூலகம்' எண்ணிமத் தளத்தில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே ஸ்கான் செய்து ஏற்றியிருக்கிறார்களா என்று அங்கே தெரியும். இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பதன் கனம் விளங்கும். ஸ்கான் பண்ணக் கொடுத்தால் அசலின் மதிப்பு குறையுமோ என்று பயப்படவேண்டாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று பத்துப் பேருக்குத் தெரிந்தால்தான் தேடுகிற ஆளே உருவாவான்.

அதுவரைக்கும் செய்யக்கூடாதவை சில. செலோரேப் ஒட்டவேண்டாம், அதன் பசை சில வருடத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். லமினேற் பண்ணவே வேண்டாம். இருபது வருடத்துக்கு முன் ஒரு பழைய பத்திரிகை முதற்பக்கத்தைக் கடையொன்றில் கொடுத்து லமினேற் பண்ணி, பெரிய வேலை செய்ததாக நினைத்தவன் நான். உள்ளே இன்று அது தேயிலைச் சாயம். வெளியே எடுக்கவும் வழியில்லை. தட்டையாகக் கிடத்தி, நிலத்திலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரில் முட்டாமல், ஓட்டுக்குக் கீழே வராமல் வையுங்கள். துருப்பிடித்த தகரப் பெட்டியை மாற்றுங்கள். பூச்சி இருந்தால் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாம். எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் ஈரம் பிடிக்கும்.

ரீச்சர் பாடசாலைச் சஞ்சிகையையும் 1948 தாள்களையும் ஸ்கானுக்கு அனுப்பச் சம்மதித்தார். போர்க்காலக் கட்டில் 1942 சித்திரை, வைகாசி இதழ்களைத் தனியே எடுத்து வைத்தோம். கும்பாபிஷேக மலருக்கு அட்டை இல்லாததால் எந்த வருடம் என்று இன்னும் பிடிபடவில்லை, உள்ளே வாழ்த்துச் செய்தி எழுதியவர்களின் பதவிகளை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு கிழமை கழித்து ரீச்சர் மறுபடி கோல் எடுத்தார். கனடாவில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அந்த ரெக்கோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நேஷனல் ஜியோகிராஃபிக்கை அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். குரற்பதிவாகப் பதில் வந்திருந்தது. எனக்கும் போட்டுக் காட்டினார்.

"அக்கா, அதை அண்டைக்கே பக்கத்து வீட்டுக் கிராமபோனில போட்டனாங்கள். அது 78 வேகம் மட்டும்தான் சுத்தும். சந்திரனில நிண்டவங்கள் எல்லாம் கிளி மாதிரிக் கத்தினாங்கள். இரண்டாம் தரம் போடேக்குள்ள ஊசி கிழிச்சுப்போட்டுது. கிணத்துக்க எறிஞ்சிட்டன்."

ரீச்சர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அதுக்கு ஐயாட்ட அடி வாங்கினது நான்" என்றார்.